தேயிலைக்கு மூலச் சான்று, தொழிலாளிக்கு எது? இந்திய–இலங்கை வணிக உடன்பாடு குறித்து ஒரு வாசிப்பு

2000 மார்ச் 1ஆம் நாள் இந்திய–இலங்கைத் தடையற்ற வணிக உடன்பாடு நடைமுறைக்கு வந்தது. அதன்படி இலங்கைத் தேயிலை ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ வரை சலுகை வரியில் இந்தியாவுக்குள் வரலாம். அச்சலுகையைப் பெற, சரக்கு இலங்கையில் விளைந்ததுதான் என்று கூறும் மூலச் சான்றிதழ் வேண்டும். தேயிலைப் பெட்டிக்கு அச்சான்று கிடைத்தது. ஆனால் அந்தத் தேயிலை விளையும் மலையகத்தில், தாம் எந்த நாட்டின் குடிமக்கள் என்று காட்ட ஒரு தாளும் இல்லாதோர் அதே நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். அவர்களுடைய முன்னோர் தமிழ்நாட்டுச் சேரிகளிலிருந்தும் வறண்ட சிற்றூர்களிலிருந்தும் கடல் கடந்து சென்றவர்கள்.

இரு நாடுகளுக்கிடையிலான பொருளாதார ஒத்துழைப்பைப் பற்றிய எழுத்துகளில் சுங்கவரி, ஏற்றுமதி, முதலீடு, அந்நியச் செலாவணி ஆகிய சொற்கள் நிறைந்திருக்கும். சாதி என்ற சொல்லை அவற்றில் காண்பது அரிது. வணிகம் சாதிக்கு அப்பாற்பட்ட துறை என்ற எண்ணம் கல்லூரிப் பாடநூல்களிலும் நிலவுகிறது. இந்திய–இலங்கை உறவைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் வரலாற்றுக்கு முரணானது. இந்த உடன்பாடு எப்படி உருவானது, என்ன சொல்கிறது, யாருக்கு என்ன தந்தது என்பனவற்றை மாணவர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் பயன்படும் வகையில் இங்குத் தொகுத்துத் தருகிறோம். கூடவே ஒரு கருத்தையும் முன்வைக்கிறோம். இவ்விரு நாடுகளின் பொருளாதார உறவு ஒடுக்கப்பட்ட சாதியினரின் உழைப்பின்மேல் எழுந்தது; எனினும் அவ்வுழைப்பாளர்கள் எந்த உடன்பாட்டிலும் ஒரு தரப்பாக மதிக்கப்பட்டதில்லை. இப்போது பேச்சில் இருக்கும் புதிய உடன்பாட்டிலாவது இந்நிலை மாற வேண்டும்.

முதல் வணிகப் பொருள்: மனித உழைப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கையின் மத்திய மலைநாட்டில் ஆங்கிலேயர் காப்பித் தோட்டங்களை உருவாக்கினர். தோட்டக் கூலிக்குச் சிங்கள உழவர்கள் பெருமளவில் முன்வரவில்லை. தோட்ட உரிமையாளர்களின் பார்வை சென்னை மாகாணத்தின்மேல் விழுந்தது. திருச்சி, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டை ஆகிய பகுதிகளில் நிலமற்ற பண்ணையாட்கள் இருந்தனர், பஞ்சம் இருந்தது, பண்ணையடிமை முறையும் தீண்டாமையும் இருந்தன. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம் மேலும் பலரைத் தோணித்துறைக்கு விரட்டியது. பாம்பன் வழியாக மன்னாரை அடைந்து, அங்கிருந்து காடுகளினூடே மாத்தளை வரை நடந்தவர்களில் எத்தனையோ பேர் வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மாண்டனர்.

காப்பிச் செடிகளை 1869 முதல் இலைத்துரு நோய் அழிக்கத் தொடங்கியது. காப்பி அழிந்த நிலத்தில் தேயிலை வந்தது. காப்பிக்குப் பருவகாலத்தில் மட்டும் ஆள் போதும்; தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். எனவே குடும்பத்தோடு குடியமர்த்தப்பட்ட நிலையான தொழிலாளர் தொகுதி ஒன்று உருவாக்கப்பட்டது. கொழுந்து கிள்ளும் வேலை பெண்களின் வேலையானது.

ஆள் திரட்டியவர் கங்காணி. அவர் கொடுத்த முன்பணமே தொழிலாளியின் கழுத்தில் விழுந்த முதல் கயிறு. தொழிலாளி செலுத்தவேண்டிய கடனைக் குறிக்கும் ‘துண்டு’ என்ற சீட்டு ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குக் கைமாறியது. கடனை ஏற்கும் புதிய தோட்டத்துக்கே தொழிலாளி செல்ல முடியும். இம்முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் பள்ளர், பறையர், சக்கிலியர் எனப்பட்ட சாதிகளைச் சேர்ந்தோர். பெரிய கங்காணிகள் பெரும்பாலும் அவர்களுக்கு மேலே வைக்கப்பட்ட சாதியினர். லயங்களைப் பகிர்வதிலும், திருவிழாவில் யார் எங்கே நிற்பது என்பதிலும் ஊரின் சாதி ஒழுங்கு தோட்டத்திலும் தொடர்ந்தது. கொழும்பு, கண்டி முதலிய நகரங்களின் துப்புரவுப் பணிக்கும் தமிழ்நாட்டிலிருந்தே ஒடுக்கப்பட்ட சாதியினர் கொண்டுசெல்லப்பட்டனர்.

ஆகவே தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடையே நவீன காலத்தில் பெருமளவில் நடந்த முதல் ‘பரிமாற்றம்’ சாதியால் மலிவாக்கப்பட்ட உழைப்பின் பரிமாற்றமே. பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை 1939இல் இந்திய அரசு தடை செய்தது. அதற்குள் மலையகத்தில் ஒரு சமூகமே உருவாகிவிட்டது.

1948, 1964: கணக்கேட்டில் மக்கள்

விடுதலை பெற்ற இலங்கை இயற்றிய முதன்மையான சட்டங்களுள் ஒன்று 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம். அதன் விளைவாகத் தோட்டத் தொழிலாளர் ஏறத்தாழ 7 லட்சம் பேர் குடியுரிமை இழந்தனர். வாக்குரிமையும் அதைத் தொடர்ந்து பறிபோனது. இந்தியா அவர்களைத் தன் குடிமக்களாக ஏற்கவில்லை. இலங்கை தன் மக்களாகக் கருதவில்லை. ஆனால் அவர்கள் பறித்த கொழுந்து இலங்கையின் முதன்மை ஏற்றுமதியாகத் தொடர்ந்தது.

1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் உடன்பாட்டில் கையொப்பமிட்டனர். நாடற்றோர் 9,75,000 பேர் என்று கணக்கிடப்பட்டது. இந்தியா 5,25,000 பேரை ஏற்கும். இலங்கை 3,00,000 பேருக்குக் குடியுரிமை வழங்கும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்யப்படும். அந்த எஞ்சியோரை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 எனச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். சம்பந்தப்பட்ட மக்களின் கருத்து இரு முறையும் கேட்கப்படவில்லை.

இது வணிக உடன்பாடு அன்று. ஆயினும் அதன் மொழி வணிகத்தின் மொழி. பாக்கியைப் பிரித்துக் கணக்கை நேர்செய்வதுபோல மனிதர்கள் பிரிக்கப்பட்டனர். நாலரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ‘தாயகம் திரும்பியோர்’ என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பிறந்தது மலையகத்தில். தாயகம் என்று சொல்லப்பட்ட நிலத்தை அவர்கள் அதற்கு முன் கண்டதில்லை. அவர்களுக்கு வேலை தர நீலகிரியில் 1968இல் தமிழ்நாடு அரசு தேயிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதுவே பின்னர் டான்டீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. கேரளத்திலும் கர்நாடகத்திலும் இரப்பர் தோட்டங்களுக்குச் சிலர் அனுப்பப்பட்டனர். பலர் நிவாரணக் கடனும் தொழிலும் கைகூடாமல் கூடலூர், கோத்தகிரி, கொடைக்கானல் மலைகளில் கூலிகளாகச் சிதறினர்.

1998 உடன்பாடு: அது சொல்வது என்ன?

1998 டிசம்பர் 28 அன்று புதுடெல்லியில் அடல் பிகாரி வாஜ்பாயியும் சந்திரிகா குமாரதுங்கவும் தடையற்ற வணிக உடன்பாட்டில் கையொப்பமிட்டனர். தெற்காசியாவில் இரு நாடுகளுக்கிடையே ஏற்பட்ட தொடக்ககால வணிக உடன்பாடுகளில் இது குறிப்பிடத்தக்கது. அதன் முதன்மைக் கூறுகள் நான்கு.

முதலாவது, வரி நீக்கம். இந்தியா 1,351 பொருள் வகைகளுக்கு உடனடியாக வரியை நீக்கியது. இலங்கை 319 வகைகளுக்கு மட்டும் நீக்கியது. மற்றவற்றுக்கு இந்தியா 3 ஆண்டுகளில், அதாவது 2003க்குள், வரியை நீக்க வேண்டும். இலங்கைக்கு 8 ஆண்டு அவகாசம் தரப்பட்டது.

இரண்டாவது, எதிர்மறைப் பட்டியல். எந்தச் சலுகையும் இல்லாமல் முழுமையாகக் காக்கப்படும் பொருட்களின் பட்டியல் இது. தொடக்கத்தில் இந்தியாவின் பட்டியலில் 429 வகைகள் இருந்தன. இலங்கையின் பட்டியலில் 1,180.

மூன்றாவது, ஒதுக்கீட்டு அளவுகள். தேயிலைக்கு ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ. ஆயத்த ஆடைகளுக்கு 80 லட்சம் உருப்படிகள். அவற்றில் 60 லட்சம் இந்தியத் துணியால் தைக்கப்பட்டிருக்க வேண்டும்.

நான்காவது, மூல விதிகள். ஒரு பொருள் சலுகை பெற வேண்டுமானால் அதன் மதிப்பில் குறைந்தது 35 விழுக்காடு அந்நாட்டிலேயே சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். இந்திய மூலப்பொருளைப் பயன்படுத்தினால் 25 விழுக்காடு போதும். முழுமையாக அந்நாட்டு மண்ணில் விளைந்த பொருளுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. தேயிலை அத்தகைய பொருள்.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த உடன்பாடு இரு நாடுகளையும் ஒரே அளவுகோலால் அளக்கவில்லை. சிறிய பொருளாதாரத்துக்கு நீண்ட அவகாசமும் பெரிய பாதுகாப்புப் பட்டியலும் தரப்பட்டன. சமமற்றோரைச் சமமாக நடத்தினால் வலியவரே வெல்வர் என்ற உண்மையை இரு அரசுகளும் எழுத்தில் ஒப்புக்கொண்டன. இடஒதுக்கீட்டின் அடிப்படையும் இதுவே. நாடுகளுக்கு இடையில் இயல்பாக ஏற்கப்படும் இந்த நீதியை, அந்நாடுகளுக்குள் வாழும் சமமற்ற மக்களுக்கும் நீட்டிக்க வேண்டும் என்று கேட்டால் மட்டும் அது ‘வணிகத்துக்குத் தொடர்பில்லாத பொருள்’ ஆகிவிடுகிறது.

உடன்பாட்டில் கூலியைப் பற்றியோ, தொழிலாளர் உரிமையைப் பற்றியோ, பாகுபாட்டைப் பற்றியோ எந்தப் பிரிவும் இல்லை. மீளாய்வுக்காக அமைச்சர் நிலையிலான கூட்டுக்குழு ஒன்று உண்டு. தொழிலாளர் பிரதிநிதிக்கு அதில் இடமில்லை. உடன்பாடு நடைமுறைக்கு வந்து 3 ஆண்டுகளுக்குப் பிறகே, 2003ஆம் ஆண்டின் 35ஆம் எண் சட்டத்தின் மூலம், எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை கிடைத்தது. அவ்வாண்டு நடந்த பதிவு இயக்கத்தில் 1,90,000 பேர் குடியுரிமை பெற்றதாக ஐநா அகதிகள் ஆணையம் பதிவு செய்துள்ளது. தேயிலை ‘முழுமையாக இலங்கையில் விளைந்தது’ என்று ஏற்கப்பட்ட காலத்தில், அதைப் பறித்த கைகளுக்கு உரியவர்கள் இலங்கையர் என்று ஏற்கப்படாமல் இருந்தனர் என்பதே இதன் பொருள்.

கால் நூற்றாண்டில் நடந்தது

உடன்பாடு வணிகத்தைப் பெருக்கியது என்பதில் ஐயமில்லை. 2023–24இல் இரு நாடுகளுக்கிடையிலான சரக்கு வணிகம் ஏறத்தாழ 550 கோடி டாலரை எட்டியது. அதில் இந்தியாவின் ஏற்றுமதி 400 கோடி டாலருக்கும் மேல். பெட்ரோலியப் பொருட்கள், வாகனங்கள், மருந்து, துணி முதலியன இங்கிருந்து செல்கின்றன. அங்கிருந்து ஆயத்த ஆடைகள், தேயிலை, மிளகு, பாக்கு, கால்நடைத் தீவனம் முதலியன வருகின்றன.

ஆனால் பெருகிய வணிகத்தின் உள்ளீடு என்ன என்பதையும் நோக்க வேண்டும். 2000க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் இலங்கையின் ஏற்றுமதி திடீரென உயர்ந்தது. அதன் பெரும்பகுதி வனஸ்பதியும் செம்பும். இந்தியாவில் பாமாயிலுக்கு வரி மிகுதி, இலங்கையில் குறைவு. அந்த வேறுபாட்டைப் பயன்படுத்தப் பாமாயிலை இலங்கைக்குக் கொண்டுவந்து, வனஸ்பதியாக மாற்றி, வரியின்றி இந்தியாவுக்கு அனுப்பும் ஆலைகள் தோன்றின. இந்தியா வனஸ்பதிக்கு அளவு வரம்பு விதித்தது, வரி வேறுபாடும் குறைந்தது, ஆலைகள் மூடப்பட்டன. மிளகிலும் இதே கதை. வெளிநாட்டு மிளகு இலங்கை வழியாக வருகிறது என்று கேரள, கர்நாடக உழவர்கள் முறையிட்டனர். வரியற்ற மிளகுக்கு ஆண்டுக்கு 2,500 டன் என்று வரம்பு உள்ளது. 2017 டிசம்பரில் இந்தியா மிளகு இறக்குமதிக்குக் கிலோவுக்கு 500 ரூபாய் என்ற குறைந்தபட்ச விலையை நிர்ணயித்தது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் எளியது. வரி வேறுபாட்டை வைத்து ஆதாயம் ஈட்ட மூலதனம் உள்ளவர்க்கு ஓராண்டு போதும். வரி மாறும்போது ஆலையை மூடிவிட்டு வெளியேறவும் அவரால் முடியும். ஆலைத் தொழிலாளியும் சிறு உழவரும் அப்படி வெளியேற முடியாது. உடன்பாட்டில் மூலதனத்தின் அச்சங்களுக்குக் காப்புப் பிரிவுகள் உள்ளன. உழைப்பின் அச்சத்துக்கு ஒரு வரியும் இல்லை.

ஒரே குடும்பம், எதிரெதிரே இரு தேயிலை

இந்த உடன்பாட்டை விளங்கிக்கொள்ளச் சிறந்த இடம் அட்டனோ கூடலூரோ அன்று. இரண்டையும் ஒருசேரப் பார்க்கும் இடமே. 1964 உடன்பாடு பல குடும்பங்களை இரண்டாகப் பிளந்தது. அண்ணன் நுவரெலியாவில் தங்கினார். தம்பி மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்தார். இருவரின் பிள்ளைகளும் தேயிலையே பறிக்கின்றனர். 1998 உடன்பாடு அவ்விருவர் பறித்த தேயிலையையும் ஒரே சந்தையில் போட்டியாளர்களாக நிறுத்தியது.

1990களின் இறுதியில் நீலகிரியில் பசுந்தேயிலை விலை சரிந்தபோது, இலங்கைத் தேயிலை இறக்குமதி குறித்த அச்சம் பரவியது. நேர்மையாகச் சொன்னால் அச்சரிவுக்கு இலங்கைத் தேயிலை முதன்மைக் காரணம் அன்று. சோவியத் ஒன்றியம் குலைந்தபின் தென்னிந்தியத் தேயிலையின் பெரிய சந்தை சுருங்கியது. தரம் குறித்த சிக்கல்களும் இருந்தன. 1.5 கோடி கிலோ என்ற ஒதுக்கீடு முழுமையாகப் பயன்படுத்தப்படவும் இல்லை. தொடக்கத்தில் குறிப்பிட்ட துறைமுகங்களின் வழியாக மட்டுமே இறக்குமதி என்ற கட்டுப்பாடும் அதற்கு ஒரு காரணம். இருந்தும் ‘அவர்களுடைய தேயிலை வந்தால் நம் வேலை போகும்’ என்ற பேச்சு, உறவினர்களை ஒருவருக்கொருவர் போட்டியாளராக நினைக்கவைத்தது. இரு பக்கத்துத் தோட்டத் தொழிலாளரின் நலனும் ஒன்றே என்று சொல்ல எந்த மேடையும் இல்லை.

இன்றைய நிலையைப் பார்ப்போம். இலங்கைக்குத் தேயிலை ஆண்டுதோறும் 100 கோடி டாலருக்கும் மேல் ஈட்டித் தருகிறது. மலையகத்தில் நாட்கூலி 1,000 ரூபாய் வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2021இல்தான் அரசிதழில் ஏறியது. 2024இல் அடிப்படை நாட்கூலி 1,350 இலங்கை ரூபாயாக உயர்ந்தது. அது ஏறத்தாழ நாலரை டாலர். அதையும் முழுமையாகப் பெற, அன்றைக்கு நிர்ணயித்த கிலோ அளவைப் பறித்தாக வேண்டும். பல குடும்பங்கள் ஆங்கிலேயர் காலத்து லயங்களிலேயே வாழ்கின்றன. வீடு தோட்டத்துக்குச் சொந்தம். நிலமும் தோட்டத்துக்கே சொந்தம்.

நீலகிரியின் நிலையும் உறுதியற்றது. டான்டீ நிறுவனம் நட்டத்தில் இயங்குவதாகக் கூறி, அதன் 2,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தை வனத்துறையிடம் ஒப்படைக்க 2022இல் தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது. ஒரு முறை நாடு மாற்றப்பட்ட குடும்பங்கள் மறுபடியும் வீடு இழக்கும் அச்சத்துக்கு ஆளாயின. இக்குடும்பங்களில் பலர் சாதிச் சான்று பெறவும் அலைக்கழிக்கப்படுகின்றனர். பாட்டனின் ஊர், பாட்டனின் சாதி, அதற்கான ஆவணம் என்று கேட்கும்போது, கங்காணியின் பேரேட்டில் மட்டும் பெயர் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் எதைக் காட்டுவர்?

இலங்கையின் நிலை வேறு வகையில் கடினமானது. அந்நாட்டு அரசமைப்பின் 12ஆம் உறுப்பு சாதிப் பாகுபாட்டைத் தடை செய்கிறது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சாதியைக் கேட்பதில்லை. ‘மலையகத் தமிழர்’ என்ற பொதுப் பெயர், அம்மக்கள் தம் உரிமைக்காகப் போராடிப் பெற்ற அரசியல் அடையாளம். அதை நாம் மதிக்கிறோம். அப்பெயருக்குள் சாதி எப்படி இயங்குகிறது என்ற கேள்வியை மலையகத்தின் எழுத்தாளர்களும் செயற்பாட்டாளர்களும் எழுப்பிவருகின்றனர். தரவே இல்லாத இடத்தில் பாகுபாட்டை மெய்ப்பிப்பது கடினம். இதை இந்தியத் தலித் இயக்கம் நன்கறியும்.

2022 நெருக்கடியும் உதவியும்

2021இல் இலங்கை அரசு வேதி உர இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்தது. தேயிலை விளைச்சல் வீழ்ந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாத நிலையை இலங்கை அறிவித்தது. அவ்வாண்டில் இந்தியா கடன்வசதி, நாணயப் பரிமாற்றம், எரிபொருள், உணவு, மருந்து என ஏறத்தாழ 400 கோடி டாலர் மதிப்புள்ள உதவி வழங்கியது. தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசியும் 500 டன் பால்மாவும் மருந்துகளும் அனுப்ப முடிவு செய்தது. அந்த அரிசி மலையகத்துக்கும் சென்றது என்பதை நாம் நன்றியுடன் பதிவு செய்ய வேண்டும். அந்நெருக்கடியில் உணவுப் பற்றாக்குறை நகரத்தையும் கிராமத்தையும்விடத் தோட்டங்களில் கடுமையாக இருந்ததை உலக உணவுத் திட்டத்தின் மதிப்பீடுகள் காட்டின.

இந்தியாவின் வீட்டுத் திட்டமும் குறிப்பிடத்தக்கது. 2010இல் அறிவிக்கப்பட்ட 50,000 வீடுகளில் 4,000 மலையகத்துக்கு ஒதுக்கப்பட்டன. 2017இல் நோர்வூட்டில் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2023இல், மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை முன்னிட்டு 75 கோடி இந்திய ரூபாய் மதிப்பிலான திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. இவை பயனுள்ளவை. எனினும் உதவி என்பது கொடுப்பவரின் விருப்பம். உரிமை என்பது பெறுபவரின் பிடி. வணிக உடன்பாட்டில் ஆலை முதலாளிக்கு உரிமை எழுதப்படுகிறது. தோட்டத் தொழிலாளிக்கு விழா மேடையில் உதவி அறிவிக்கப்படுகிறது. இந்தப் பிரிவினையைத்தான் நாம் கேள்விக்குட்படுத்துகிறோம்.

வணிக உடன்பாட்டில் தொழிலாளர் உரிமைக்கு இடமுண்டா?

உண்டு என்பதற்கு இலங்கையே சான்று. ஐரோப்பிய ஒன்றியம் வழங்கும் ‘ஜிஎஸ்பி பிளஸ்’ வரிச்சலுகை, மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றுச்சூழல், நல்லாட்சி குறித்த 27 பன்னாட்டு உடன்படிக்கைகளை நிறைவேற்றுவதோடு பிணைக்கப்பட்டது. மனித உரிமை காரணங்களுக்காக 2010இல் இலங்கை அச்சலுகையை இழந்தது. 2017இல் மீண்டும் பெற்றது. அந்த 27இல் இனப்பாகுபாட்டை ஒழிப்பதற்கான உடன்படிக்கையும் ஒன்று. அவ்வுடன்படிக்கையின் கண்காணிப்புக் குழு 2002இல் வெளியிட்ட 29ஆம் பொதுப் பரிந்துரை, பிறப்பை அடிப்படையாகக் கொண்ட பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று தெளிவாகக் கூறுகிறது. மலையகச் செயற்பாட்டாளர்கள் பயன்படுத்தத்தக்க நெம்புகோல் இது.

இந்திய அரசு நெடுங்காலமாக இதற்கு எதிரான நிலையை எடுத்தது. தொழிலாளர் தரம் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் பொருள், வணிகத்தின் பொருள் அன்று என்று உலக வணிக அமைப்பில் வாதிட்டது. சாதியை இனப்பாகுபாட்டு உடன்படிக்கையின்கீழ்க் கொண்டுவருவதையும் அது மறுத்துவருகிறது. ஆயினும் முதல் நிலைப்பாடு இளகியுள்ளது. சுவிட்சர்லாந்து, நோர்வே உள்ளிட்ட நான்கு நாடுகளைக் கொண்ட எஃப்டா கூட்டமைப்புடன் 2024 மார்ச்சில் செய்த உடன்பாட்டில் நிலைத்த வளர்ச்சி குறித்த அத்தியாயம் உண்டு. 2025 ஜூலையில் பிரிட்டனுடன் கையொப்பமான உடன்பாட்டில் தொழிலாளர், பாலினம் குறித்த அத்தியாயங்கள் உள்ளன. மீறலைத் தண்டிக்கும் வலிமை அவற்றுக்கு இல்லை. ஆனாலும் ‘இது வணிகத்துக்குத் தொடர்பற்றது’ என்ற பழைய வாதம் இனி செல்லாது. பணக்கார நாடுகளிடம் ஒப்புக்கொண்டதை அண்டை நாட்டுடன் எழுத மறுக்க என்ன காரணம் இருக்க முடியும்?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதையும் நாம் பொறுப்புடன் எதிர்கொள்ள வேண்டும். தொழிலாளர் தரம் என்ற பெயரில் மேலை நாடுகள் தம் சந்தையை மூடிக்கொள்கின்றன என்று தென் நாடுகளின் தொழிற்சங்கங்களில் சில கூறுகின்றன. சலுகை பறிக்கப்படும்போது முதலில் வேலை இழப்பவர் ஆடைத் தொழிற்சாலைப் பெண்களே என்பதும் உண்மை. ஆகவே நாம் தண்டனைத் தடையைக் கேட்கவில்லை. ஒரே வரலாற்றின் இரு கரைகளில் இருக்கும் இரு தென் நாடுகள், தம் இரு பக்கத்துத் தொழிலாளர்களுக்கும் கூட்டுப் பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்கிறோம்.

எட்கா: நாம் கேட்க வேண்டியவை

சேவைகளையும் முதலீட்டையும் உள்ளடக்கிய விரிவான பொருளாதாரக் கூட்டாண்மை உடன்பாடு ஒன்று 2008இல் கையொப்பமாகும் நிலைக்கு வந்து நின்றுபோனது. அதன் அடுத்த வடிவமே ‘எட்கா’ எனச் சுருக்கமாக வழங்கும் பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு உடன்பாடு. பேச்சுவார்த்தை 2016இல் தொடங்கி, 2018இல் நின்று, 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. 2024 டிசம்பரில் குடியரசுத் தலைவர் அநுர குமார திசாநாயக்க புதுடெல்லி வந்தபோது, பேச்சைத் தொடர்வதென இரு தரப்பும் கூறின. இலங்கையில் மருத்துவர்களும் தகவல் தொழில்நுட்பத் துறையினரும் இந்தியப் பணியாளர் வருகை குறித்து எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர்களின் குரல் பேச்சுவார்த்தை மேசையை எட்டியது. இரு நாடுகளுக்கிடையே முதன்முதலில் பெருந்திரளாக இடம்பெயர்க்கப்பட்ட தொழிலாளரின் வழித்தோன்றல்களுடைய குரல் இன்னும் எட்டவில்லை. அதை எட்டவைக்கும் கோரிக்கைகளாக ஐந்தை முன்வைக்கிறோம்.

ஒன்று, எட்காவில் தொழிலாளர் அத்தியாயம் வேண்டும். அதில் சாதி, பிறப்பு அடிப்படையிலான பாகுபாட்டைத் தடை செய்யும் தெளிவான சொற்கள் இடம்பெற வேண்டும்.

இரண்டு, கையொப்பத்துக்கு முன் தாக்க மதிப்பீடு நடத்தப்பட்டு வெளியிடப்பட வேண்டும். இந்தியாவில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் எனவும், இலங்கையில் தோட்டத் துறை எனவும் தனித்தனியே தாக்கம் கணக்கிடப்பட வேண்டும்.

மூன்று, கூட்டுக்குழுவில் இரு நாட்டுத் தோட்டத் தொழிலாளரின் பிரதிநிதிகளுக்கு இடம் வேண்டும். அவர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். கொழுந்து கிள்ளுவோர் பெண்கள். சங்க மேடையில் அமர்வோர் ஆண்கள் என்ற நிலை இங்கும் தொடரக் கூடாது.

நான்கு, மலையகத்துக்கான இந்திய உதவி வீட்டோடு நில உரிமையையும் உறுதி செய்ய வேண்டும். 7 பேர்ச்சஸ், அதாவது ஏறத்தாழ 1,900 சதுர அடி நிலத்தில் வீடு கிடைப்பது தொடக்கமே. பயிரிட நிலமில்லாத தொழிலாளி எப்போதும் தோட்டத்தையே சார்ந்திருப்பார்.

ஐந்து, தாயகம் திரும்பியோர் குடும்பங்களுக்குச் சாதிச் சான்று, வீட்டுமனைப் பட்டா ஆகியவற்றை வழங்கத் தமிழ்நாடு அரசு தனி வழிமுறை வகுக்க வேண்டும். அவர்களின் ஆவணமின்மைக்கு அவர்கள் பொறுப்பல்லர். இரு அரசுகளின் உடன்பாடே பொறுப்பு.

மாணவர்களுக்கு ஒரு சொல். பொருளியல் வகுப்பில் இந்த உடன்பாட்டைப் படிக்கும்போது, மதிப்புக் கூட்டல் 35 விழுக்காடு என்ற வரி வரும். அந்த மதிப்பைக் கூட்டியவர் யார், அவர் பெற்றது என்ன, அவர் எந்தச் சாதியில் பிறந்தவர், அவருடைய பாட்டி எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார் என்று வகுப்பில் கேளுங்கள். பாடத்திட்டத்தில் அதற்கு விடை இராது. நீலகிரியிலும் மலையகத்திலும் அதற்கு விடை தரக்கூடிய மூதாட்டிகள் இன்னும் வாழ்கின்றனர். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்வது இன்றே தொடங்க வேண்டிய பணி. அடுத்த உடன்பாடு கையொப்பமாகும் நாளில், தேயிலைப் பெட்டியின் சான்றிதழோடு அவர்களின் பெயரும் மேசைக்கு வர வேண்டும்.